துண்டுக்கு அடியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

மரகதமணி டீச்சரின் குரலை ஜூன் மாதம் ஓடைப்புதூர் பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். ஆணை முறையாக வந்தது. அடியில் பச்சை மையில் கையெழுத்து இருந்தது. அங்கே ஆசிரியர் பற்றாக்குறை, இங்கே குரல் உபரி என்று காரணம் போட்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் வலது கையைக் கேட்டார்கள். தலைமையிடத்துக்கு என்று மட்டும் எழுதியிருந்தது. எதற்கு என்று எழுதவில்லை. கையை யார் கேட்டாலும் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். டீச்சர் கேட்கவில்லை. கேட்பதற்குக் குரல் இல்லை.

மிச்சமிருந்த டீச்சர் தினமும் எட்டே முக்கால் பஸ்ஸில் ஏறி வெள்ளாங்காட்டுவலசு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து இடது கையால் போர்டில் எழுதிப்போட்டார். சாயங்காலம் வீடு திரும்பினார். பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கண்டக்டர் பாதியாகக் கிழித்துத்தான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பாதி ஆளுக்கு முழு டிக்கெட் கொடுத்தால் செக்கிங்கில் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றியத்தில் இது புதிதில்லை. ஒரு தலைமையாசிரியரின் ஞாபகசக்தி வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊருக்குப் போய்வந்தது. அந்த மூன்று நாளும் அவர் பள்ளிக்கூடத்தைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். உடற்கல்வி ஆசிரியர் நல்லமுத்துவின் கால்கள் இரண்டும் இரண்டு ஊரில் இருந்தன. அவரை நாற்காலியோடு தூக்கிவந்து மைதானத்தில் வைப்பார்கள். அவர் விசில் ஊதுவார்.

ஆசிரியர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்காத ஆள் ஒருவர்தான். அவர் ஆசிரியரே இல்லை. மரகதமணியின் அப்பா செங்காளியப்பன். எழுபத்து நாலு வயது. கருங்கல்மேட்டுச் சந்தையில் ஐம்பது வருசமாக மாட்டுத் தரகர்.

அவருக்கு வாத்தியார்களைக் கண்டால் ஆகாது. மூன்றாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவருக்குப் பெயர் எழுதச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 'செங்கா' வரை வந்தார்கள். அன்று மத்தியானம் வாத்தியாருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த வாத்தியார் வரவேயில்லை. இன்றைக்கும் செங்காளியப்பனின் கையெழுத்து 'செங்கா'தான். மிச்சத்தை அந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு டீச்சர் முளைத்தது அவருடைய தலையெழுத்து. அதையும் அவரால் படிக்க முடியாது.

மரகதமணி சின்னதாக இருந்தபோது அவளைத் தோளில் உட்கார வைத்துச் சந்தைக்குப் போவார். கிழட்டு மாட்டை நாலு பல்லு இளசுதான் என்று அவர் சொன்னால் கழுத்தில் நறுக்கென்று கிள்ளுவாள். அந்தக் கிள்ளலில் கெட்டுப்போன வியாபாரம் கொஞ்சமல்ல. ஒன்பது வயதில் கன்றுக்குட்டியின் கயிறு சுற்றி அவளுடைய வலது சுண்டுவிரல் கோணிக்கொண்டது. கோணல் விரலோடுதான் டீச்சர் ஆனாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை. பதினோரு வருசமாக அப்பா வீட்டில்தான் இருக்கிறாள்.

வீட்டில் இரண்டே பேர். அதில் பேசுகிறவள் ஒருத்தி. அவள் பேச்சில் முக்கால்வாசி அவருடைய துண்டைப் பற்றியது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேரும் கையை நீட்டுவார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன பேசினார்கள் என்று எவனுக்கும் தெரியாது. செங்காளியப்பன் தன் துண்டைத் துவைத்ததே இல்லை. துவைத்தால் கைராசி போய்விடும் என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் டீ குடிக்கும்போது மரகதமணி ஆரம்பிப்பாள். "இத மோந்து பாத்தா எருமையே மயக்கம் போட்டு உழுந்துருமுங்கப்பா" என்பாள். அரைமணி நேரம் நடக்கும். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜூனிலிருந்து ஆறு மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவள் எதிரில் வந்து உட்கார்ந்து துண்டையே பார்ப்பாள். அவ்வளவுதான். டீயில் சர்க்கரை குறைந்துவிட்டது போல அவருக்கு இருந்தது. திட்ட ஆளில்லாத துண்டு தோளில் கனத்தது.

ஒரு நாள் அவர் ஓடைப்புதூருக்கே போனார். பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலிக்கு மேலே குரல் இருந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளை அழகாகத் திட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு, நாந்தான். ஒரு வார்த்த என்னையும் வைய்யு" என்றார்.

"பணி நேரத்துல சொந்தப் பேச்சு பேசப்படாதுங்கப்பா" என்றது குரல். "போயிச் சாப்புடுங்க."

அவள் அப்படித்தான். சாக்பீஸ் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள்.

அவர் திரும்பி நடந்தார். வழியெல்லாம் அந்தக் குரலை மாற்றி எழுதிக்கொடுத்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தார். அவருடைய திட்டு மகளுடைய திட்டைப் போல இல்லை. அதில் வெறும் கோபம்தான் இருந்தது.

செப்டம்பரில் ஆசிரியர் சங்கம் இந்த ஆணைகளைப் போடுகிற வாரியத்துக்கு மனுக் கொடுத்தது. ஒரே கோரிக்கை. ஆசிரியர்களை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். வாரியம் பதில் எழுதியது: கூட்டுப் பேரத்துக்கு இசைவு, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சார்பிலும் பேரத்தில் அனுபவமுள்ள ஒருவரை மட்டும் அனுப்பவும்.

சங்கம் கூடியது. தமிழாசிரியர் அகராதியைப் புரட்டினார். பேரம் என்றால் விலை பேசுதல். விலை பேசுவதில் அனுபவமுள்ளவர் என்றால் தரகர். ஆசிரியர்கள் எழுத்துக்கு எழுத்து கட்டுப்படுகிறவர்கள். எல்லாரும் மரகதமணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓட்டெடுப்புக்குக் கை தூக்கச் சொன்னார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நூற்று முப்பத்தோரு கைகள்தான் எழுந்தன. மற்றவை மாற்றுப்பணியில் இருந்தன. தீர்மானம் நிறைவேறியது.

சங்கச் செயலாளரும் நல்லமுத்துதான். அவரை நாற்காலியோடு தூக்கிவந்து செங்காளியப்பன் வீட்டு வாசலில் வைத்தார்கள்.

"ஏனுங்க, எங்களுக்காக நீங்க பேசோணும்" என்றார்.

"வாத்தியாருக்கு நான் பேசறதா? என்ற பேர்ல பாதிய எடுத்துட்டுப் போனவிக நீங்க."

"அது நான் பொறக்கறதுக்கு முந்திங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க."

நல்லமுத்து விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டு, யோசித்து, மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒரே ஒரு கட்டுப்பாடுங்க. யாருக்கும் தனியா எதுவும் வாங்கப்படாது. வாங்குனா எல்லாத்துக்கும். இல்லீனா யாருக்கும் வேண்டாம்."

"எல்லாத்துக்கும்னு சொல்றவன் கடசீல ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டான். நான் பாக்காத சந்தையா."

"உங்க புள்ளையும் அதுக்குத்தான் கை தூக்குச்சுங்க. இருந்த ஒரு கைய."

செங்காளியப்பன் மகளைப் பார்த்தார். அவள் உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள். சத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு வேலையாக இருந்தது. ஆனால் அது துண்டைப் பற்றியது என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் ஒத்துக்கொண்டார், கணக்கை எளிமையாக வைத்துக்கொண்டார். ஒரு விரல் பிடித்தால் ஆளுக்கு ஒரு பாகம் திரும்பி வரும். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் முழு ஆள். சந்தையிலும் அப்படித்தான். கட்டைவிரலைத் தனியாகத் தடவினால் அது வேறு. அது தரகருக்கு மட்டும் தனியாகத் தருவது.

வாரியக் கட்டடம் வெளியிலிருந்து பார்க்க ரேசன் கடை அளவுதான் இருந்தது. உள்ளே போனதும் வராந்தா ஆரம்பித்தது. அவர் நடக்க நடக்க அது நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. அவர் அதை ஏமாற்ற இரண்டடி பின்னால் நடந்தார். வராந்தா மூச்சு வாங்குவது கேட்டது.

நடுவில் ஒரு பெஞ்சு இருந்தது. அவர் உட்கார்ந்தார்.

"மெதுவா உக்காருங்க. இடது கால் ஆட்டங் குடுக்குது" என்றது பெஞ்சு.

"நீங்க யாருங்க?"

"ஓவிய ஆசிரியருங்க. பணி நிரந்தரம் கேட்டு வந்தேன். ஒக்காரச் சொன்னாங்க."

"எப்ப வந்தீங்க?"

"அப்ப இங்க பெஞ்சு இல்லீங்க" என்றது பெஞ்சு.

செங்காளியப்பன் எழுந்துகொண்டார். தோள் துண்டால் அதன் மேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டார். பெஞ்சு தும்மியது.

வராந்தாவின் கடைசியில் ஒரு சன்னல். உள்ளே கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி இருந்தாள்.

"எத்தன பேர்?"

"ஒருத்தன்தானுங்க."

"லெட்டர்ல இருநூத்திப் பன்னெண்டுன்னு இருக்கு."

"அத்தன பேருக்குமாத்தான் நான் வந்திருக்கறேன்."

"அப்ப இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு 'செங்கா'. முடிக்க மத்தியானம் ஆனது. அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"எல்லாமே பாதியில நிக்குதே?"

"நாங்க எல்லாருமே அப்படித்தானுங்க நிக்கறோம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சீல் குத்தி உள்ளே அனுப்பினாள்.

அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை. வலது சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது.

"உக்காருங்க பெரியவரே. நீங்க என்ன சப்ஜெக்ட்?"

"மாடுங்க."

"நல்லது. ஆரம்பிக்கலாமா?"

"கையக் குடுங்க" என்றார் செங்காளியப்பன். துண்டை உதறினார். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என் கை மேலிடத்துல மாற்றுப்பணி. கையெழுத்துப் போடறதுக்குக் கேட்டிருந்தாங்க. இங்க அலுவலகத்துக்குன்னு ஒரு கை ஒதுக்கியிருக்கு. அது பேசும்."

அவர் மணி அடித்தார். யாரோ ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாடாவை அவிழ்த்தார்கள். உள்ளே இருந்ததைப் பார்ப்பதற்குள் செங்காளியப்பன் துண்டை மேலே போட்டு மூடிவிட்டார். துண்டுக்கு அடியில் இருப்பதைப் பார்ப்பது தொழிலுக்கு அழகில்லை. கையை உள்ளே விட்டார்.

கை சில்லென்று இருந்தது. நடுவிரலில் சாக்பீஸ் பிடித்த காய்ப்பு இருந்தது. அவர் சுண்டுவிரலுக்குப் போனார். அது கோணலாக இருந்தது.

அவர் அந்தக் கோணலை ஒரு தடவை வருடிப் பார்த்தார்.

அதிகாரி குனிந்து துண்டின் ஓரத்தில் வாயை வைத்து ரகசியமாக ஏதோ சொன்னார். கை அவருடைய ஒரு விரலைப் பிடித்தது. ஆளுக்கு ஒரு பாகம்.

செங்காளியப்பன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். முழு ஆள்.

அதிகாரி மறுபடி சொன்னார். கை மறுபடி ஒரு விரலைப் பிடித்தது. கொஞ்சமும் இளகவில்லை. பெற்ற அப்பனாயிற்றே என்று அரை விரல்கூடக் கூட்டவில்லை. யாருக்கு வேலை செய்கிறதோ அவர்கள் சொன்னதை ஒழுங்காகச் சொன்னது. செங்காளியப்பனுக்கு எரிச்சல் வந்தது. கூடவே நெஞ்சு நிமிர்ந்தது. சந்தையில் அவருக்கு எதிரில் இப்படிக் கை வைத்த ஆள் இதுவரை இருந்ததில்லை.

ஒன்றரை மணி நேரம் போனது. இரண்டு விரல் வரை வந்தார்கள். அங்கே நின்றுவிட்டது. மின்விசிறி சுற்றி அலுத்துப்போய் இறங்கி ஓரமாக நின்றது.

அதிகாரி நெற்றியைத் துடைத்தார். கோப்பின் அட்டையில் இருந்த தகப்பன் பெயரைப் படித்துவிட்டுச் செங்காளியப்பனை ஏற இறங்கப் பார்த்தார். துண்டின் ஓரத்தில் நீளமாக ஏதோ சொன்னார். கை அசையவில்லை. அதிகாரி மறுபடி சொன்னார். கை மெதுவாக வந்து அவருடைய கட்டைவிரலைத் தடவியது.

தரகருக்கு மட்டும்.

"ஓடைப்புதூர்ல ஒரு குரல் இருக்கு" என்றார் அதிகாரி, சன்னலைப் பார்த்துக்கொண்டு. "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உங்க வீட்டுல இருக்கும். இரண்டு விரலுக்குச் சரின்னு ஒரு வார்த்தை. மத்தவங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. துண்டுக்கு அடியில நடக்கறதுதானே?"

ஆறு மணி. டீ. எதிரில் அவள் உட்கார்ந்து வாயைத் திறந்தால் சத்தம் வரும். எருமை மயங்கி விழும். செங்காளியப்பன் தொழிலில் சுத்தமான ஆள் என்று யாரும் சொன்னதில்லை. கட்டைவிரலை வாங்கிக்கொண்டு எத்தனையோ பேரம் முடித்திருக்கிறார். அவருடைய கை தானாகவே லேசாகத் தளர்ந்தது.

நறுக்கென்று ஒரு கிள்ளல் விழுந்தது.

அதிகாரி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பேரத்தில் விரலுக்குத்தான் அர்த்தம் உண்டு. நகத்துக்குக் கிடையாது. அது அலுவலகத்துக் கை சொன்னதில்லை.

செங்காளியப்பனுக்குக் கழுத்து அரித்தது.

"ஏனுங்க ஆப்பீசர். ஜோடி மாட்டப் பிரிச்சு ஓட்டுனா ரெண்டுமே தீனி திங்காதுங்க. இது இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஒரே நொகத்தடி."

"அப்ப பேரம் முறிஞ்சுதுன்னு எழுதிக்கறேன்."

"அது எப்புடி முறியும்? கைய உட்டாத்தான முறியும்? நான் உடலியே."

அதிகாரி யோசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. விதிக்குப் பயந்தவர்.

"அதுபோக ஒண்ணு கேக்கறேன்" என்றார் செங்காளியப்பன். "சரக்கு எங்கீங்க?"

"எந்தச் சரக்கு?"

"பேரம் நடக்கறப்ப மாடு எதுக்கால நிக்கோணுமுங்க. பல்லப் புடிச்சுப் பாக்காம, நடக்க உட்டுப் பாக்காம வெல பேசுனா அது பேரமே இல்லீங்க. கருங்கல்மேட்டுல கேட்டுப் பாருங்க. கால் ஒரு ஊர்ல, கொம்பு ஒரு ஊர்லன்னு வெச்சுட்டு இங்க என்னத்தப் பேசறது?"

அதிகாரி அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். இடது கையால் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். உதட்டை அசைத்துப் படித்தார். மறுபடி படித்தார்.

"இருக்கு" என்றார். "முப்பத்தொன்பதாவது விதி. பேச்சுவார்த்தைக்கு உட்பட்ட பொருள், பேச்சுவார்த்தை முடியும் வரை, இரு தரப்பின் பார்வையிலும் முழுமையாக நிறுத்தப்பட வேண்டும்."

"பாத்தீங்களா? படிச்சவிகளுக்கும் தெரிஞ்சிருக்குது."

அன்றே தகவல் போனது. மறுநாள் காலையில் வெள்ளாங்காட்டுவலசு பள்ளி மைதானத்துக்குப் பாகங்கள் வர ஆரம்பித்தன. டவுன் பஸ்ஸில் கால்கள் நின்றுகொண்டே வந்தன. உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியவில்லை. ஞாபகசக்தி ஒன்று சரியான ஸ்டாப்பில் இறங்கி மற்றவர்களுக்கு வழி சொன்னது. நல்லமுத்துவின் இடது கால் முதலில் வந்தது. வலது கால் அடுத்த பஸ்ஸில் வந்தது. அவர் எழுந்து நின்று, மைதானத்தை மூன்று சுற்று ஓடி, மரத்தடியில் உட்கார்ந்து அழுதார்.

செங்காளியப்பனும் அதிகாரியும் ஒன்றாக வந்தார்கள். வேறு வழியில்லை. நடுவில் துண்டு இருந்தது. துண்டுக்குள் அவருடைய கையும் அந்தக் கையும் விடாமல் பிடித்திருந்தன.

மரகதமணி மைதானத்தின் நடுவில் நின்றாள். ஓடைப்புதூர் பக்கமிருந்து காற்று அடித்தது. அவள் தொண்டையைச் செருமினாள். சத்தம் வந்தது. அவளே திடுக்கிட்டாள். பிறகு அப்பாவின் அருகில் வந்து, வலது மணிக்கட்டைத் துண்டுக்குள் நுழைத்தாள். கை வந்து பொருந்திக்கொண்டது. அவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஏனுங்கப்பா, இத்தன பேருக்கு முன்னாடி இந்தக் கருமாந்தரத்தையா எடுத்துட்டு வந்தீங்க? நாலு மாசமா நான் பேசலீன்னா ஒரு தண்ணியில அலசக் கூடாதா? வாரியத்துலயே மூக்கப் புடிச்சிருப்பாங்களே!"

இருநூற்றுப் பதினோரு ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செங்காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அரைமணி நேரம் நடந்தது. இடையில் அவர் ஒரு முறை, "அதச் சொல்லு, அந்த எரும சமாச்சாரத்த" என்றார்.

"பேச்சுவார்த்தை முடியற வரைக்கும்தான் இது" என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்து. "முடிச்சிரலாமா? மேலிடத்துல கேட்டுட்டேன். நாலு விரல்." அவர் துண்டுக்குள் குனிந்து சொன்னார். மரகதமணியின் கை நாலு விரலைப் பிடித்தது. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அந்தக் கை வாரியத்துடையது. அதற்கு மாற்று ஆணை இன்னும் வரவில்லை.

நல்லமுத்து விசில் ஊதிக் கூட்டத்தைக் கூட்டினார். "நாலு விரலுங்க. ஆளுக்கு ஒரு பாகம் மட்டும் போகும். அதுவும் யாருக்கு எதுன்னு அவங்கதான் சொல்லுவாங்க. ஒத்துக்கலாங்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"முழுசாத்தான் வேணுங்கறவங்க?"

எல்லாரும் இரண்டு கையையும் தூக்கினார்கள். ரொம்ப நாள் கழித்துக் கிடைத்ததால் ஒன்றையாவது சும்மா வைத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. தமிழாசிரியர் எண்ணினார். நானூற்று இருபத்து மூன்று கைகள். ஒரு கை பேரத்தில் இருந்தது.

செங்காளியப்பன் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார்.

"அவசரமில்லீங்க ஆப்பீசர்" என்றார். "ஒரு நல்ல மாட்டுக்கு மூணு சந்தைகூட நின்னு பேசியிருக்கறேன்."

இப்போது ஒன்றியத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஆசிரியர்கள் முழுசாக இருக்கிறார்கள். பேரம் முடியும் வரைக்கும்தான். எல்லாருக்கும் தெரியும். மரகதமணி இடது கையால் போர்டில் எழுதுகிறாள். வலது கை துண்டுக்குள் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸில் அவளுக்கு முழு டிக்கெட் கிழிக்கிறார்கள். வீட்டில் இரண்டு பேரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். பார்த்துக் குறை சொல்ல மூன்றாவது ஆள் இல்லை.

அதிகாரி தினமும் பத்து மணிக்கு வந்து கடைசி வரிசையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறார். புதிதாக ஏதாவது இருந்தால் முன்னால் வந்து துண்டுக்குள் குனிந்து சொல்கிறார். கை அதை அப்படியே பிடித்துச் சொல்கிறது. செங்காளியப்பன் ஐந்து விரலைப் பிடிக்கிறார். அதிகாரி குறித்துக்கொண்டு போய் உட்காருகிறார். வாய்ப்பாட்டில் பதினாறு வரை வந்துவிட்டார்.

ஒரு நாள் மரகதமணி போர்டில் பெயர்கள் எழுதிப் படிக்கச் சொன்னாள். 'செங்கா' என்று எழுதி, நிறுத்தி, அதற்குப் பக்கத்தில் மீதி எழுத்துகளையும் எழுதினாள். பிள்ளைகள் கத்திப் படித்தார்கள். செங்காளியப்பன் அந்த மீதியை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு இன்னும் சந்தேகம்தான். அறுபத்தாறு வருசம் எங்கேயோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது. எழுதிப் பார்க்கலாம். வலது கை வேலையாக இருக்கிறது.

அவருக்கு வயதாகிறது. மத்தியானத்துக்கு மேல் பிடி தளர்கிறது. மரகதமணிக்கு அது தெரியும். போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே, திரும்பாமல், நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளுவாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி இறுக்குவார்.

நேற்று அதிகாரி நாலரை விரலுக்கு வந்தார்.

"அப்பா" என்றாள் மரகதமணி, பெருக்கல் கணக்கு நடுவில். "உள்ள வேர்த்து வேர்த்து இந்தத் துண்டு பொணம் மாதிரி நாறுதுங்கப்பா."

"நாறட்டும் கண்ணு" என்றார் செங்காளியப்பன். "வைய்யு."